கடைசி வயலுக்கு மூன்று சிரட்டை

மலையடிவாரக் காட்டில் ஒரு குளம். அந்தக் குளத்தின் மடையைத் திறப்பதும் அடைப்பதும் நீலாயி என்ற நீர்நாயின் வேலை.

நீலாயிக்கு வயல் கிடையாது. வயல் இல்லாதவர்தான் மடையைத் தொட வேண்டும் என்பது அந்தக் காட்டின் வழக்கம். குளத்து மீன்கள் அவளுக்கும் அவளுடைய இரண்டு குட்டிகளுக்கும். அதுதான் அவளுக்குக் கூலி.

மடையிலிருந்து ஒரே ஒரு வாய்க்கால் புறப்பட்டது. மடையை ஒட்டிய முதல் வயல் காட்டுப்பன்றி கொம்பையாவுடையது. அதில் சர்க்கரைவள்ளிக் கிழங்கு. நடுவயல் முயல்களுடையது. அதில் பச்சைப்பயறு. வாய்க்கால் போய் முடிகிற இடத்தில், வேலமரங்களுக்கு அப்பால், முள்ளம்பன்றி சடைச்சி நிலக்கடலை போட்டிருந்தாள்.

தண்ணீருக்கு அளவு சிரட்டை. அடியில் சிறு துளை போட்ட ஒரு தேங்காய்ச் சிரட்டையை நீலாயி குளத்தில் மிதக்க விடுவாள். துளை வழியே தண்ணீர் ஏறி அது மூழ்கும்வரை ஒரு வயலுக்குப் பாயும். மூழ்கினால் ஒரு சிரட்டை. எடுத்துக் கவிழ்த்து மறுபடியும் மிதக்க விட்டால் இரண்டாவது. வயலுக்கு மூன்று சிரட்டை. யாரும் கூடக் கேட்டதில்லை.

மழை பெய்கிற ஆண்டுகளில் முறை மேலிருந்து கீழே போகும். கொம்பையாவுக்கு முதலில், சடைச்சிக்குக் கடைசியில். மழை பொய்த்த ஆண்டில் மட்டும் அது தலைகீழாகிவிடும். கடைசி வயலுக்கு முதல் தண்ணீர். மடையை ஒட்டிய வயலுக்குக் கடைசித் தண்ணீர். ஏன் அப்படி என்று யாருக்கும் தெரியாது. அவரவர் தாய் சொன்னார்கள், அவரவர் செய்தார்கள்.

இரண்டு ஆண்டுகள் சேர்ந்தாற்போல மழை வரவில்லை. குளம் சுருங்கியது. நடுவில் கிடந்த பாறை முதுகைக் காட்டியது. மீன்கள் ஒரு மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன.

ஒருநாள் காலை கொம்பையா மடைப்பக்கம் வந்தான்.

"என்ன தாயி, குட்டிங்க ரெண்டும் இளைச்சுப் போச்சே" என்று ஆரம்பித்தான்.

பிறகு விஷயத்துக்கு வந்தான். "கடைசி வயலுக்கு மூணு சிரட்டைத் தண்ணி விடுறே. அங்கே போய்ச் சேர்றது ஒண்ணுதான். மீதியை வாய்க்கால் மணல் குடிச்சிடுது. நாம என்ன, மணலுக்கா வெள்ளாமை பண்றோம்?"

நீலாயி அவன் பேச்சை அப்படியே நம்பவில்லை. அன்று சடைச்சியின் முறை. மடையைத் திறந்துவிட்டு, தண்ணீரின் கூடவே நடந்து போனாள். தண்ணீர் வெடிப்புகளில் நுழைந்தது. நண்டு வளைகளில் இறங்கியது. வேலமரத்து வேர்களில் கொஞ்சம் நின்றது. கடைசி வயலுக்குப் போய்ச் சேர்ந்தபோது, அது வாய்க்காலின் அடியை நனைத்துக்கொண்டு தவழ்ந்தது.

கொம்பையா சொன்னது பொய் இல்லை. பொய்யாக இருந்திருந்தால் எவ்வளவு எளிதாகப் போயிருக்கும் என்று நீலாயி பின்னால் பல நாள் நினைத்தாள்.

அவள் திரும்பி வந்ததும் கொம்பையா குரலைத் தாழ்த்தி இன்னொன்றும் சொன்னான். மணலுக்குப் போகாமல் மிச்சப்படுகிற தண்ணீர் குளத்திலேயே கிடக்கும். குளத்தில் தண்ணீர் கிடந்தால் மீன் கிடக்கும். குட்டிகளை வைத்துக்கொண்டு அவள்தான் யோசிக்க வேண்டும்.

அந்தப் பேச்சை நீலாயி வேறு யாரிடமும் சொல்லவில்லை. மனத்தில் வைத்துக்கொண்டே கூட்டத்துக்குப் போனாள்.

கூட்டம் கரையில் நின்ற மருதமரத்தடியில் நடந்தது. சடைச்சி எல்லோருக்கும் கடைசியாக வந்தாள். மூச்சு வாங்கியது. முட்களில் மண்ணும் சருகும் வேர்த்துண்டுகளும் சிக்கியிருந்தன.

"வா சடைச்சி. கல்யாணத்துக்கா வர்றே, இவ்வளவு அலங்காரம்?" என்றான் கொம்பையா.

முயல்கள் சிரித்தன. எங்கே போய் மண்ணைத் தோண்டிவிட்டு வருகிறாள் என்று யாரும் கேட்கவில்லை. நீலாயியும் கேட்கவில்லை.

கொம்பையா தன் கணக்கைச் சொன்னான். முறையை மேலிருந்தே வைத்துக்கொண்டால் ஒரு சொட்டும் வீணாகாது என்றான். கிழ முயல் காதை ஆட்டிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டது. நடுவயலுக்கும் தண்ணீர் சீக்கிரம் வரும் என்பது அதற்குப் புரிந்தது. கணக்கு சரியாகத்தான் இருக்கிறது என்று அது சொன்னது.

சடைச்சி நீலாயியின் முகத்தைப் பார்த்தாள்.

"கடலை பூத்திருக்கு அக்கா. பூ வாடின இடத்துலருந்து ஊசி மாதிரி ஒண்ணு கீழே இறங்கும். மண்ணு இளகியிருந்தா உள்ளே போய்க் காய் வைக்கும். இறுகிக் கிடந்தா அப்படியே காய்ஞ்சு போகும். எனக்கு இந்த ஒரு தண்ணி போதும். மூணு சிரட்டைகூட வேண்டாம், ரெண்டு கொடு."

"ரெண்டு விட்டா உனக்கு அரைதான் வந்து சேரும்" என்றான் கொம்பையா. "அரைச் சிரட்டையில நீ கடலையை நனைப்பியா, உன் முள்ளை நனைப்பியா?"

எல்லோரும் நீலாயியைப் பார்த்தார்கள். மடையைத் தொடுகிறவள் சொல்வதுதான் முடிவு. நீலாயியின் கண் குளத்து மூலைக்குப் போனது. அங்கே அவளுடைய குட்டிகள் சேற்றில் ஒரு மீனுக்கு அடித்துக்கொண்டிருந்தன.

"இந்த ஒரு தடவை மேலேருந்து வரட்டும்" என்றாள். "மிஞ்சினா கட்டாயம் உனக்குத்தான் சடைச்சி."

மிஞ்சாது என்று அவளுக்குத் தெரியும். சடைச்சிக்கும் தெரியும்.

கொம்பையாவின் கணக்கு பலித்தது. அவனுடைய கிழங்கு பெருத்தது. முயல்களின் பயறு காய்த்தது. குளத்தில் பாறை மறுபடி முங்காவிட்டாலும், மூலையில் மீன் இருந்தது. நீலாயி இல்லாவிட்டால் இந்தக் கோடையைத் தாண்டியிருக்க முடியாது என்று வழியில் பார்த்தவர்கள் எல்லாம் சொன்னார்கள்.

கூட்டம் நடந்த பன்னிரண்டாம் நாள் சடைச்சி தன் புருஷனையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு மடைப்பக்கம் வந்தாள். காட்டை விட்டே போகிறார்கள் என்பது பார்த்ததும் தெரிந்தது. திட்டப்போகிறாள் என்று நீலாயி காத்திருந்தாள். திட்டியிருக்கலாம்.

சடைச்சி சொன்னது வேறு. "அக்கா, மேலே வரத்துக்கால் வளைவுல ஒரு கல் சரிஞ்சு கிடக்கு. பாதி தோண்டிட்டேன். மழைக்கு முன்னாலே மீதியை யாராவது எடுத்துடுங்க."

வரத்துக்கால் என்பது மலைத்தண்ணீரைக் குளத்துக்குக் கொண்டுவருகிற கால்வாய். நீலாயி சரி என்று தலையாட்டினாள். அவள் கண் சிரட்டையின் மேல் இருந்தது. முயல்களின் முறை. சிரட்டை மூழ்கப்போகிற நேரம். மூழ்கியதும் எடுத்துக் கவிழ்த்துவிட்டு நிமிர்ந்தபோது அவர்கள் வேலமரங்களைத் தாண்டியிருந்தார்கள்.

ஐப்பசியில் மழை வந்தது. இரண்டு ஆண்டுக்கும் சேர்த்து வந்தது. முயல்கள் நனைந்துகொண்டே குதித்தன. கொம்பையா சேற்றில் புரண்டு புரண்டு எழுந்தான்.

முதல் நாள் குளம் ஏறவில்லை. காய்ந்த மண் குடிக்கிறது என்றார்கள். இரண்டாம் நாளும் ஏறவில்லை. நீலாயி மழையோடு மழையாக மலைப்பக்கம் ஓடினாள்.

அவள் அந்த வழியில் ஒருநாளும் போனதில்லை. அவள் வேலை மடையிலிருந்து கீழே. கொம்பையாவும் போனதில்லை. குளத்தில் முழங்கால் தண்ணீர் கிடந்தாலே அவன் வயலுக்கு எட்டும். கடைசி வயலுக்குத் தாராளமாக எட்ட வேண்டுமென்றால் குளம் நிறைய வேண்டும். குளம் நிறைய வேண்டுமென்றால் வரத்துக்கால் சுத்தமாக இருக்க வேண்டும்.

வழியெல்லாம் கரை உடைந்த இடங்களில் முட்களை வரிசையாக ஊன்றி மண் அப்பியிருந்தது. சில முட்கள் புதியவை. சில வெளுத்து, தொட்டால் பொடிந்தன. சடைச்சியின் முட்கள், அவள் தாயின் முட்கள், அதற்கும் முன்னே இருந்தவர்களின் முட்கள். வறட்சி ஆண்டில் முதல் தண்ணீர் யாருக்கு, ஏன் என்று நீலாயிக்கு அப்போதுதான் விளங்கியது. மழை வருகிறவரை, வரத்துக்காலைக் காக்கிற அவர்கள் காட்டிலேயே இருக்க வேண்டும். அதற்குத்தான்.

வளைவில் கல் கிடந்தது. அதைச் சுற்றி வண்டல் மேடிட்டிருந்தது. பாதி தோண்டிய குழி அப்படியே இருந்தது. மலைத்தண்ணீர் முழுதும் கல்லில் மோதி, பக்கத்துப் பள்ளத்தில் விழுந்து, பெரும் சத்தத்தோடு எங்கேயோ போய்க்கொண்டிருந்தது.

நீலாயி கத்தினாள். கொம்பையா ஓடிவந்தான். அவனிடம் பலம் இருந்தது. எந்தப் பக்கம் தோண்ட வேண்டும் என்று தெரியவில்லை. முட்டி முட்டித் தோண்டியதில் இருந்த கரையும் பிய்த்துக்கொண்டு போயிற்று.

மூன்றாம் நாள் மழை நின்றது.

நீலாயி சடைச்சியைத் தேடிப் புறப்பட்டாள். வழியில் கடைசி வயலைக் கடந்து போக வேண்டியிருந்தது. கடலைச் செடிகள் காய்ந்து நின்றன. ஒவ்வொரு செடியிலும் பூ வாடிய இடத்திலிருந்து ஊசிகள் இறங்கியிருந்தன. மண்ணுக்கு ஒரு விரற்கடை மேலே வந்து அப்படியே கருகியிருந்தன. அவள் வயலைத் தாண்டி நடந்தாள்.

இரண்டு குன்று தாண்டி, ஒரு சுனையோரத்தில் சடைச்சி புதிதாக வாய்க்கால் வெட்டிக்கொண்டிருந்தாள். நீலாயியைக் கண்டதும் கையை நிறுத்தினாள். உட்காரச் சொன்னாள். குட்டிகள் சுகமா என்று கேட்டாள்.

"வந்துடு சடைச்சி" என்றாள் நீலாயி. "இனிமே வறட்சின்னா முதல் தண்ணி உனக்குத்தான். யார் என்ன கணக்குச் சொன்னாலும் கேக்க மாட்டேன்."

சடைச்சிக்குக் கோபம் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்பவள் போலத்தான் கேட்டாள்.

"எந்தத் தண்ணி அக்கா?"

நீலாயி திரும்பி நடந்தாள்.

தை பிறந்தபோது கொம்பையா முதல் ஆளாக மடையில் வந்து நின்றான். முறைப்படி தன் மூன்று சிரட்டையைக் கேட்டான். நீலாயி குளத்துக்குள் இறங்கி நடந்தாள். நடுப்பாறை வரைக்கும் அவள் வயிறு நனையவில்லை. சிரட்டையைத் தண்ணீரில் விட்டாள். அது மிதக்கவில்லை. சாய்ந்து சேற்றில் உட்கார்ந்துகொண்டது.

வாய்க்காலின் கடைசியில் இருப்பவருக்குத் தண்ணீர் போய்ச் சேரும்வரைதான், முதலில் இருப்பவருக்கும் குளம் நிறையும்.