மூன்று தீர்ப்பும் ஒரு விசிலும்

"மேடம், ஒரு ஆள் ஒரு காரியத்தைச் செஞ்சவனாவும் செய்யாதவனாவும் இருக்க முடியுமா?"

கேட்டவர் தெய்வசிகாமணி.

வக்கீல் ஜெசிந்தா ஒரு மனுவில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கவில்லை.

"கோர்ட்டுலயா, வெளியிலயா?"

"கோர்ட்டுல."

"இருக்கலாம்."

"வெளியில?"

"அதைக் கேட்டு யாரும் நம்மகிட்ட வர்றதில்லையே சார்."

இது பதிலா, பேச்சை முடிக்கிற வழியா என்று தெய்வசிகாமணிக்கு விளங்கவில்லை.

அவர் டெலிபோன் இலாகாவில் இருந்து ஓய்வு பெற்றவர். பேரன் பேத்தி எடுத்த பிறகு சட்டம் படித்து, கறுப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு திருச்சி கோர்ட் வளாகத்தில் வந்து நின்றார். அந்த வயதில் ஒருவரை ஜூனியராகச் சேர்த்துக்கொள்ள எல்லோரும் கூச்சப்பட்டார்கள். ஜெசிந்தா மட்டும் ஒரு கேள்வி கேட்டார்.

"ஃபைல் தூக்குவீங்களா சார்?"

"தூக்குவேன் மேடம்."

"நாளைக்கு வாங்க."

ஜெசிந்தாவுக்குத் தெய்வசிகாமணியின் மூத்த மகள் வயதுதான் இருக்கும். ஆனாலும் அவர் குரு, இவர் சீடர். இவர் "மேடம்" என்பார். அவர் "சார்" என்பார்.

தெய்வசிகாமணிக்குச் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புகள் என்றால் வேதம். காலையில் குளித்து, திருநீறு பூசி, செல்போனில் புதிய தீர்ப்புகளைப் படித்துவிட்டுத்தான் காப்பி. சிவில், கிரிமினல், சர்வீஸ் என்று ஒன்றும் விடமாட்டார்.

படிக்கப் படிக்கத் தெளியும் என்று நினைத்தார். கலங்கியது.

ஒரு தீர்ப்பு, ஓய்வு பெற்றவரிடம் கூடுதலாகக் கொடுத்த சம்பளத்தைத் திருப்பிக் கேட்காதே என்றது. இன்னொன்று, திருப்பித் தருவதாக எழுதிக் கொடுத்திருந்தால் கேட்கலாம் என்றது. ஒன்று, ஜாமீன்தான் வழக்கம், சிறை விதிவிலக்கு என்றது. அடுத்த வாரமே ஒருவருக்கு ஜாமீன் இல்லை என்றது. கிரிமினல் கோர்ட் விடுதலை செய்தவரை வேலையில் இருந்து நீக்கியது செல்லாது என்றது ஒன்று. தாராளமாகச் செல்லும் என்றது மற்றொன்று.

"எதைப் பிடிக்கிறது மேடம்?" என்று ஒருநாள் கேட்டார்.

"தீர்ப்பைப் படிக்கிறீங்க. அங்க என்ன கேள்வி கேட்டாங்கன்னு படிக்கிறீங்களா?"

அன்றிரவு எல்லாத் தீர்ப்பையும் முதலில் இருந்து படித்தார். இன்னும் கலங்கியது.

இப்போது அவரைக் குடைந்துகொண்டிருந்தது மருதையின் வழக்கு.

மருதை ஒரு தனியார் கல்லூரியின் பஸ் டிரைவர். சில வருஷங்களுக்கு முன்பு, மதிய வேளையில், கல்லூரி ஷெட்டுக்குள் பஸ்ஸை ரிவர்ஸ் எடுத்தபோது பின்னால் நின்ற வாட்ச்மேன் சவரிமுத்து அடிபட்டு இறந்துபோனார். பார்த்த சாட்சி கிடையாது.

கிரிமினல் கோர்ட், சந்தேகத்தின் பலனைக் கொடுத்து மருதையை விடுதலை செய்தது.

விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம், மருதையின் கவனக்குறைவுதான் காரணம் என்றது.

கல்லூரி அவரை வேலையை விட்டு நீக்கியது. அதை எதிர்த்து மருதை போட்ட வழக்கைத்தான் ஜெசிந்தா நடத்தினார். லேபர் கோர்ட் போன வாரம் தீர்ப்புச் சொன்னது. கவனக்குறைவு உண்மை, ஆனால் இத்தனை வருஷம் ஒழுங்காக ஓட்டியவருக்கு வேலைநீக்கம் அதிகப்படியான தண்டனை, திரும்பவும் வேலை கொடு.

தெய்வசிகாமணி வக்கீலான பிறகு அவர் கைபட்டு ஜெயித்த முதல் வழக்கு அது. வீட்டில் கேசரி கிளறச் சொன்னார்.

அவர் அந்தக் கேள்வியைக் கேட்ட அன்று சாயங்காலம் மருதை ஜெசிந்தாவின் ஆபீசுக்கு வந்தார். முகத்தில் சந்தோஷம் இல்லை. கொடுத்த நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"திங்கக்கிழமை போய்ச் சேர்ந்துடுங்க," என்றார் தெய்வசிகாமணி. "அவங்க ஹைகோர்ட்டுக்குப் போறதுக்குள்ள ரிஜிஸ்டர்ல கையெழுத்துப் போட்டுடணும்."

"சரிங்கய்யா. ஒண்ணு கேக்கலாங்களா?"

"கேளுங்க."

"மூணு கோர்ட்டு சொல்லிடுச்சு. நான் சவரி அண்ணனைக் கொன்னேனா, இல்லையா?"

தெய்வசிகாமணி நிமிர்ந்து உட்கார்ந்தார். இது அவர் படித்த விஷயம்.

"கிரிமினல் கோர்ட்டுல துளி சந்தேகம் இருந்தாலும் தண்டிக்க மாட்டாங்க. நீங்க செய்யலைன்னு அவங்க சொல்லலை. நிரூபிக்கலைன்னு சொன்னாங்க. இழப்பீட்டு வழக்குல அப்படி இல்லை. எந்தப் பக்கம் கொஞ்சம் கனம் கூடுதலா இருக்கோ அதை எடுத்துப்பாங்க. வேலை விஷயத்துல அது இன்னொரு அளவு. இதைப் பத்தி சுப்ரீம் கோர்ட் நிறையச் சொல்லியிருக்கு."

மருதை மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"புரியுதா?"

"புரியுதுங்கய்யா. மூணு தராசு." தலையை ஆட்டினார். "ஆனா செத்தது ஒரு ஆள்தானுங்களே. நான் செஞ்சேனா?"

தெய்வசிகாமணி ஜெசிந்தாவைப் பார்த்தார்.

ஜெசிந்தா வழக்குக் கட்டை மூடி, மேஜையின் ஓரத்துக்குத் தள்ளி வைத்தார்.

"மருதை, அன்னைக்கு என்ன நடந்துச்சு?"

அந்தக் கேள்வியைக் கேட்டதும் தெய்வசிகாமணிக்குத் திக்கென்றது. இரண்டு வருஷமாக இந்த வழக்கைச் சுமக்கிறார். போலீஸ் வரைபடம், பிரேதப் பரிசோதனை அறிக்கை, விசாரணை அதிகாரியின் குறிப்பு எல்லாம் மனப்பாடம். மருதையிடம் மட்டும் இதைக் கேட்டதில்லை.

மருதை கையால் முட்டியைத் தடவிக்கொண்டார்.

"அந்த ஷெட்டு வாசல் குறுகல்மா. கண்ணாடியில தூண் மறைக்கும். எப்பவும் சவரி அண்ணன்தான் பின்னால நின்னு விசில் ஊதுவாரு. ரெண்டு குட்டி விசிலா ஊதுனா, வா. ஒரு நீள விசில்னா, நில்லு. எங்களுக்குள்ள அப்படி ஒரு பழக்கம்."

"சரி."

"அன்னைக்கு ஒரு விசில் கேட்டுச்சு. சின்னதா."

"ஒண்ணுதானா?"

"ஒண்ணுதான் எங் காதுல விழுந்துச்சு. இது முதல் விசில், அடுத்தது வரப்போவுதுன்னு நான் வண்டியைப் பின்னால எடுத்துட்டேன். அது ரெண்டுல ஒண்ணா... இல்ல, நீள விசிலை ஊத ஆரம்பிச்சு, பாதியிலயே வண்டி அவரு மேல..."

வெளியே யாரோ ஜெராக்ஸ் கடைக்காரரோடு சில்லறைக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"இந்த விசில் விஷயம் எந்த சாட்சியத்துலயும் இல்லையே?" என்றார் தெய்வசிகாமணி.

"கிரிமினல் வக்கீல்கிட்ட சொன்னேங்கய்யா. அதை மட்டும் வாயைத் திறந்து சொல்லிடாதே, நீ உள்ள போயிடுவேன்னு சொன்னாரு. இழப்பீட்டு கேஸ்ல என்னைக் கூப்பிடவே இல்லை. இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீலே பேசிக்கிட்டாரு. காலேஜு விசாரணையில, ஆமாவா இல்லையா, அதை மட்டும் சொல்லுன்னாங்க."

தெய்வசிகாமணி மனசுக்குள் எண்ணிப் பார்த்தார். மூன்று தீர்ப்பு. மூன்றிலும் எத்தனையோ மேற்கோள்கள். ஒன்றிலும் விசில் இல்லை.

"சார், இதுக்கு ஏதாவது சுப்ரீம் கோர்ட் ரூலிங் இருக்கா?" என்று கேட்டார் ஜெசிந்தா.

கேலி இல்லை. நிஜமாகத்தான் கேட்டார்.

தெய்வசிகாமணி யோசித்துப் பார்த்தார்.

"இல்லை மேடம்."

மருதை எழுந்து நின்றார். "சவரி அண்ணன் வீட்டம்மா லூர்து அண்ணிகிட்ட இதைச் சொல்லணும்னு இத்தனை வருசமா நெனைப்பு. சாவுக்குக்கூடப் போகலைம்மா. போகக்கூடாதுன்னுட்டாரு வக்கீலு. நான் அவங்க கையால எத்தனை நாள் சாப்பிட்டிருக்கேன்."

"இப்ப போகாதீங்க," என்றார் தெய்வசிகாமணி அவசரமாக. "ஹைகோர்ட்டுல காலேஜு மேனேஜ்மென்ட் இந்தத் தீர்ப்புக்கு ஸ்டே கேக்கப் போகுது. விசில் கேட்டுச்சு, ஆனா நிக்கலைன்னு நீங்களே போய்ச் சொல்லி, அது மேனேஜ்மென்ட் காதுக்குப் போச்சுன்னா வேலை போயிடும். ஜெயிச்ச கேஸு. கொஞ்ச நாள் பொறுத்துக்குங்க."

"எத்தனை நாளுங்கய்யா?"

"அப்பீல் முடியற வரைக்கும்."

"அதுக்கப்புறம் சுப்ரீம் கோர்ட்டு இருக்குங்களே."

மருதை ஜெசிந்தாவைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்கம்மா."

"வக்கீலாச் சொன்னா, சார் சொல்றதுதான் சரி. போகாதீங்க."

"வக்கீலா இல்லாம?"

ஜெசிந்தா கைப்பையைத் துழாவி ஸ்கூட்டர் சாவியை எடுத்தார். அதை மருதையிடம் கொடுக்கவில்லை. தெய்வசிகாமணியின் முன்னால் வைத்தார்.

"மேடம், நான் எதுக்கு? கேஸ் கெட்டுப்போகும்னு சொன்னதே நான்தானே."

"அதனாலதான் சார்."

ஜெசிந்தா அடுத்த வழக்குக் கட்டை எடுத்துப் பிரித்துக்கொண்டார்.

எடமலைப்பட்டிப்புதூரில் லூர்துவின் வீடு வரைக்கும் தெய்வசிகாமணிதான் ஓட்டினார். பின்னால் மருதை உட்கார்ந்திருந்தார். வழி நெடுக தெய்வசிகாமணி தனக்குள் வாதாடிக்கொண்டே போனார். இது தொழில் தர்மமா? கட்சிக்காரரைப் பாதுகாப்பதா, அவர் போக நினைக்கிற இடத்துக்குக் கூட்டிப்போவதா? மேடம் ஏன் என்னை அனுப்பினார்? தடுக்கவா, துணைக்கா? ரயில்வே பாலத்துக்கு அடியில் வண்டி நெரிசலில் நின்றபோது, திரும்பிவிடலாம் என்றுகூடத் தோன்றியது. பின்னால் இருந்தவர் தோளைப் பிடித்திருந்த பிடி அவரைத் திரும்ப விடவில்லை.

லூர்து வாசலில் துணி மடித்துக்கொண்டிருந்தார். மருதையைப் பார்த்ததும் கை நின்றது. மடித்த துணியைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்து, "உள்ள வா," என்றார்.

தெய்வசிகாமணியை யார் என்று கேட்கவில்லை. ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் காட்டினார். மருதை தரையில் உட்கார்ந்தார்.

சுவரில் மாதா படம். பக்கத்தில் சவரிமுத்து, வாட்ச்மேன் தொப்பியோடு.

மருதை சொன்னார். ஷெட்டு வாசல், தூண், விசில், எதையும் விடாமல் சொன்னார். ஒன்றா, ரெண்டில் ஒன்றா, நீள விசிலின் ஆரம்பமா என்று இன்றைக்கும் தெரியவில்லை என்று சொன்னார். தனக்குச் சாதகமாக ஒரு சொல் சேர்க்கவில்லை. கேட்டுக்கொண்டிருந்த தெய்வசிகாமணியின் மனசுக்குள், ஜெயித்த வழக்கு வரி வரியாக அடிபட்டுக்கொண்டே வந்தது.

லூர்து அழவில்லை. திட்டவும் இல்லை. துணியின் ஓரத்தை நீவிக்கொண்டே இருந்தார்.

"அது என்ன விசில்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றார் கடைசியில்.

"ஆமா அண்ணி."

"உன் மேல எனக்குக் கோவம் இருக்கு. இல்லைன்னு சொல்ல மாட்டேன். அது இருந்துட்டுப் போவுது."

"சரி அண்ணி."

"என்னையும் கூண்டுல ஏத்துனாங்க. அவருக்கு என்ன வயசு, என்ன சம்பளம், வீட்டுக்கு எவ்வளவு கொடுப்பாரு. எல்லாம் கேட்டாங்க. நான் ஒண்ணு கேக்கணும்னு நெனைச்சேன். யாரைக் கேக்கறதுன்னு தெரியலை." மருதையின் முகத்தை அப்போதுதான் நேராகப் பார்த்தார். "நீதானே கிட்ட இருந்தே?"

"நான்தான்."

"உசுரு உடனே போயிடுச்சா?"

"இல்லை அண்ணி. கொஞ்ச நேரம் இருந்துச்சு. எம் மடியிலதான் படுத்திருந்தாரு."

"பேசுனாரா?"

ஆமென்று மருதை தலையசைத்தார்.

"என்ன சொன்னாரு?"

மருதை சொல்ல இரண்டு தடவை முயன்றார்.

"லூர்துகிட்ட இப்ப சொல்லாதே மருதை, பயந்துருவா... சாயங்காலம் நானே போய்ச் சொல்லிக்கிறேன்னாரு."

மரண வாக்குமூலத்தைப் பற்றித் தெய்வசிகாமணிக்கு எத்தனையோ தீர்ப்புகள் தெரியும். எப்போது ஏற்கலாம், எப்போது கூடாது, யார் முன்னால் சொல்லியிருக்க வேண்டும், எல்லாம் தலைகீழாகச் சொல்வார். இப்போது தேடிப் பார்த்தார். ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை.

லூர்து மடியில் இருந்த துணியைக் கீழே வைத்தார். கொஞ்சம் நகர்ந்து மருதைக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"இன்னொரு தடவை சொல்லு," என்றார்.