பிளம்ஸ் வேகும் நேரம்

முத்துவீரப்பனுக்கு வயது அறுபத்திரண்டு. அவர் குருவாக ஏற்றுக்கொண்ட திலகவதிக்கு நாற்பத்தொன்று.

திலகவதி கொடைக்கானலில் ஒரு பள்ளி விடுதியில் பதினைந்து வருடம் சமையல் செய்தவர். இப்போது காலை வேளைகளில் அவர் வீட்டு முன்னறைக்கு ஏழெட்டுப் பேர் வந்து, கண்மூடி உட்கார்ந்துவிட்டுப் போவார்கள். அவர் அதிகம் பேசமாட்டார். யாராவது ஏதாவது கேட்டால், பதில் சொல்லாமல் எழுந்து கைக்குக் கிடைத்த வேலையைச் செய்யத் தொடங்கிவிடுவார். எல்லோரும் அவரை அம்மா என்றுதான் அழைத்தார்கள். முத்துவீரப்பனும் அப்படித்தான்.

முத்துவீரப்பன் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். வரப்புத் தகராறில் இரண்டு தரப்பும் கம்போடு நின்றாலும், அவர் நடுவில் போய் நின்று பேச ஆரம்பித்தால் கூட்டம் அடங்கிவிடும். எதையும் பேசியே தீர்த்துவைப்பவர் என்று மலை முழுக்கப் பெயர்.

மே மாதக் கடைசிச் சனிக்கிழமை, பிற்பகல் இரண்டு மணிக்கு அவர் திலகவதியின் கதவைத் தட்டினார். சட்டையெல்லாம் மைதா. தூங்காத கண்கள்.

"அம்மா, நாலு மணி பஸ்ஸுல சுகந்தி வர்றா."

சுகந்தி அவருடைய ஒரே மகள். ஏழு வருடமாக அவள் அந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை. கல்யாணமாகி எட்டாவது மாதம், ஒரு பையோடு வந்து நின்றாள். முத்துவீரப்பன் அவளை உட்காரக்கூட விடவில்லை. அனுசரித்துப் போகச் சொல்லி அடுத்த பஸ்ஸிலேயே ஏற்றி அனுப்பினார். பிறகு அவள் புருஷனை விட்டுப் பிரிந்ததும், கோவையில் வேலை தேடிக்கொண்டதும் மற்றவர்கள் சொல்லித்தான் அவருக்குத் தெரியும்.

முந்தின நாள் ஃபோன் செய்திருந்தாள். நாளைக்கு வருகிறேன், கொஞ்ச நேரம் பேச வேண்டும், கடைசி பஸ்ஸில் திரும்பிவிடுவேன். அவ்வளவுதான் சொன்னாள்.

"என்ன கேட்பான்னு தெரியலைம்மா. நேத்துலேர்ந்து உட்கார்ந்து எழுதி வச்சிருக்கேன். இதைக் கேட்டா இந்தப் பதில், அதைக் கேட்டா அந்தப் பதில்னு." சட்டைப் பையிலிருந்து மடித்த தாள்களை எடுத்து நீட்டினார். "ஒரு தடவை படிச்சுட்டு, சரியா இருக்கான்னு மட்டும் சொல்லுங்க."

திலகவதி தாள்களை வாங்கவில்லை.

"சட்டையில என்ன மாவு?"

"காப்ளர் பண்ணிப் பார்த்தேன். ஸ்கூல்ல படிக்கும்போது சுகந்தி அவளே பண்ணுவா. பழத்தைச் சர்க்கரை போட்டுத் தட்டுல பரப்பி, மேல வெண்ணெய் சேர்த்த மாவை வச்சு ஓவன்ல சுடணும். நான் பண்ணினது பாழாப் போச்சு. மேல கருகிடுச்சு. உள்ள மாவு பச்சையா இருக்கு. ஏதோ சகுனம் மாதிரி படுதும்மா."

திலகவதி செருப்பை மாட்டிக்கொண்டார்.

"வாங்க, பார்ப்போம்."

முத்துவீரப்பனின் சமையலறையில் இன்னும் புகை நின்றது. மேடையில் காலையில் சுட்ட தட்டு இருந்தது. மேல்மாவு இஸ்திரி போட்ட துணி மாதிரி வழவழப்பாக, கறுத்து மூடியிருந்தது. ஓர் ஓரத்தில் மட்டும் வெடித்து, அந்த வழியாகச் சாறு வழிந்து ஓவனுக்குள் தீய்ந்துபோயிருந்தது. திலகவதி ஒரு கரண்டியை விட்டுக் கிளறினார். உள்ளே பசை.

"இன்னும் பழம் இருக்கா?"

"கூடை நிறைய பிளம்ஸ் இருக்கு."

"நறுக்குங்க."

அவர் நறுக்க உட்கார்ந்தார். ஒவ்வொரு பழத்துக்கும் ஒரு தடவை கடிகாரத்தைப் பார்த்தார்.

"அம்மா, நான் செஞ்சது தப்புன்னு எடுத்த எடுப்புல சொல்லிடவா? இல்ல, அப்ப இருந்த நிலைமையை விளக்கிட்டு அப்புறமா சொல்லவா?"

"கொட்டையை எடுத்துடுங்க சார். ரெண்டு விழுந்திருக்கு பாருங்க."

அவர் கொட்டைகளைப் பொறுக்கினார்.

"எங்க காலத்துல எல்லாரும் அப்படித்தானே அனுப்பி வச்சாங்க? அதைச் சொல்லலாமா? சொன்னா கோபப்படுவாளோ?"

"சர்க்கரை போட்டாச்சா?"

போட்டோமா இல்லையா என்று அவருக்கு நினைவில்லை. திலகவதி ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுப் பார்த்துவிட்டு, டப்பாவை மூடி வைத்தார்.

"அவ அழுதா என்ன பண்றது? கத்தினா? ரெண்டும் பண்ணாம சும்மா உட்கார்ந்திருந்தா? அதுக்குத்தாம்மா ரொம்பப் பயமா இருக்கு. கேள்வி கேட்டாலாவது பதில் எழுதி வச்சிருக்கேன்."

"கேட்கத்தான் வர்றாங்கன்னு யார் சொன்னது?"

"வேற எதுக்கு வரப்போறா?"

திலகவதி மாவைப் பிசைந்து அவர் பக்கம் தள்ளினார்.

முத்துவீரப்பன் அதைச் சப்பாத்தி போலப் பெரிதாகத் தேய்த்தார். பழத்தின் மேல் விரித்தார். தட்டின் விளிம்போடு விளிம்பாக விரலால் அழுத்திக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் சின்னதாக ஒரு கீறல் விழுந்தது. தண்ணீர் தொட்டு அதையும் அடைத்தார்.

"காலையிலயும் இப்படித்தான் மூடினீங்களா?"

"ஆமாம்மா. இல்லாட்டி சாறு மேல பொங்கி வந்துடும். பார்க்க அசிங்கமா இருக்கும்."

திலகவதி ஒரு கரண்டியை எடுத்தார். முத்துவீரப்பன் அவ்வளவு பாடுபட்டு விரித்த மாவைப் பிய்த்து எடுத்தார். எலுமிச்சை அளவு கட்டிகளாக ஆக்கி, இங்கொன்றும் அங்கொன்றுமாகப் பழத்தின் மேல் போட்டார். இடையிடையே பிளம்ஸ் சிவப்பாகத் தெரிந்தது.

"ஐயோ, என்னம்மா இது?"

"சாறு பொங்கட்டும். ஆவி போக வழியில்லாம மூடினா, மாவு அடியில வேகாது."

தட்டு உள்ளே போகும்போது மணி மூன்றே முக்கால்.

நாலு ஆனது. நாலே கால் ஆனது. முத்துவீரப்பன் கேட் வரைக்கும் போனார், வந்தார். ஃபோனை எடுத்தார், வைத்தார். "வரமாட்டா போல" என்றார். "பாதி வழியில இறங்கித் திரும்பியிருப்பா." ஓவன் கதவில் கை வைக்கப் போனார். திலகவதி பார்த்த பார்வையில் கையை எடுத்துக்கொண்டார்.

நாலரைக்குக் கேட் திறக்கும் சத்தம் கேட்டது.

"நான் கிளம்பட்டுமா?" என்றார் திலகவதி.

"வேண்டாம்மா, இருங்க. தனியா என்னால முடியாது."

திலகவதி சமையலறையிலேயே இருந்துகொண்டார்.

சுகந்தி இளைத்திருந்தாள். முப்பத்துமூன்று வயதில் காதோரம் நரைத்திருந்தது. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். பையை மடியிலிருந்து இறக்கவில்லை.

"தண்ணி குடிக்கிறியாம்மா? பஸ்ஸுல கூட்டமா? லேட்டாயிடுச்சே. சுகந்தி, நான் அன்னைக்கு ஏன் அப்படிப் பண்ணினேன்னா, அப்ப இருந்த சூழ்நிலையில..."

"அப்பா. நான் ஒண்ணு சொல்லணும்."

அவர் வாயை மூடிக்கொண்டார்.

"அன்னைக்கு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் என்கூட நடந்து வந்தீங்களே, ஞாபகம் இருக்கா?"

"இருக்கு, நல்லா ஞாபகம் இருக்கு. மழை வர்ற மாதிரி..."

"என் இடது கையைச் சால்வைக்குள்ளயே வச்சிருந்தேன். மணிக்கட்டு முறிஞ்சிருந்துச்சு. அவர் கதவுல வச்சு நசுக்கிட்டார். அதைக் காட்டத்தான் வந்தேன்." அவள் குரல் உயரவில்லை. "இங்கேர்ந்து பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நீங்க பேசிக்கிட்டே வந்தீங்க. குடும்பம்னா என்ன, பொறுமைன்னா என்னன்னு. நான் சீட்டுல உட்கார்ந்த பிறகும் ஜன்னல்கிட்ட நின்னு பேசினீங்க. எந்த இடத்துல காட்டறதுன்னு எனக்குத் தெரியலை. பஸ் கிளம்பிடுச்சு."

அவள் கையை நீட்டினாள். மணிக்கட்டு லேசாகக் கோணியிருந்தது.

முத்துவீரப்பன் அதைப் பார்த்தார். எழுதி வைத்திருந்த எந்தத் தாளிலும் இந்தக் கை இல்லை. ஆனாலும் நாக்கு பழக்கத்தை விடவில்லை.

"நீ அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா..."

சுகந்தியின் கை மடிக்குத் திரும்பியது. அடுத்து ஏதோ சொல்லத் திறந்திருந்த அவள் வாய் மூடிக்கொண்டது. பையின் வாரை இறுக்கிப் பிடித்தாள்.

அவர் பதறி எழுந்தார். "அடுப்புல வச்சிருக்கு, இதோ பார்த்துட்டு வந்துடறேன்" என்று உளறியபடி சமையலறைக்கு ஓடினார்.

திலகவதி ஓவனை அணைத்துக்கொண்டிருந்தார்.

முத்துவீரப்பன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அம்மா, கெடுத்துட்டேன். மறுபடியும் கெடுத்துட்டேன். ஒரு வார்த்தை குடுங்க. அவகிட்ட போய் என்ன சொல்லட்டும்? சீக்கிரம் சொல்லுங்கம்மா, எழுந்து போயிடுவா."

திலகவதி திரும்பி அவரைப் பார்த்தார்.

"அவங்க பேசி முடிச்சுட்டாங்களா?"

"இல்லம்மா. பாதியில நிக்குது."

"அப்ப இங்க எதுக்கு வந்தீங்க?"