ஒரு சாண் மண்

ஒரு காட்டின் ஓரத்தில், குழந்தைகளே, வெள்ளெலிகளின் ஊர் ஒன்று இருந்தது. சின்ன ஊர்தான். ஆனால் வயலில் நல்ல வண்டல் மண். வரகு விதைத்தால் வருடம் முழுக்க உட்கார்ந்து சாப்பிடலாம்.

ஊர்த் தலைவன் குண்டுமணிக்கு அது போதவில்லை. ஊரைப் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும் என்ற ஆசை அதைத் தூங்கவிடவில்லை. இந்த ஆசை நரியின் காதுக்கு எட்டியது.

"தலைவரே, இங்க செங்கல் சூளை போடுறேன். எல்லாருக்கும் வேலை. யானை மோதினாலும் அசையாத களஞ்சியம் ஒண்ணு சும்மாவே கட்டித் தர்றேன்," என்றது நரி.

"பதிலுக்கு?"

"உங்க வயல்ல மேலாக ஒரு சாண் மண். அவ்வளவுதான்."

குண்டுமணி தன் முன்னங்காலை விரித்துப் பார்த்தது. ஒரு புளியங்கொட்டை நீளம்கூட இல்லை. உடனே தலையாட்டியது.

"யாரோட சாண்னு கேட்டீங்களா?" என்றது அதன் மனைவி செம்பி.

"சாண்னா சாண்தான். ஊருக்கு நல்லது நடக்கும்போது குறுக்கே பேசாதே."

சில நாள் கழித்து நரி தன் காலை விரித்து அளந்தது. அந்த வயலில் நல்ல மண்ணே அவ்வளவு ஆழம்தான். அதற்குக் கீழே பாறை.

யாருடைய சாண் என்று குண்டுமணிக்கு அப்போதுதான் புரிந்தது. ஆனால் அதற்குள் எலிகளெல்லாம் சூளை கட்டக் கல் சுமக்கத் தொடங்கியிருந்தன. அணில் தேநீர்க் கடை போட்டிருந்தது. எல்லாரும் தலைவனைப் புகழ்ந்தார்கள். அந்தப் புகழ்ச்சியில் குண்டுமணி வாயை மூடிக்கொண்டது. எனக்கு அதன்மேல் கோபம் வருவது இந்த இடத்தில்தான்.

மண் தீர்ந்தது. சொன்னபடியே களஞ்சியத்தைக் கட்டிக் கொடுத்துவிட்டு, நரி அடுத்த ஊருக்குப் போய்விட்டது.

மழை வந்தது. விதைத்த வரகு பாறையில் வேர் பிடிக்காமல் அழுகியது. எலிக் குஞ்சுகள் காலிக் களஞ்சியத்தில் படுத்துப் பசியில் அழுதன.

"அழாதீங்க. ஒரு சாண் வயிறுதானே, எப்படியாவது நிரப்பிடலாம்," என்றது குண்டுமணி.

செம்பி சுவரைத் தொட்டுக் காட்டியது. "அதை நிரப்பிக்கிட்டிருந்த ஒரு சாண் மண்ணு இதோ நிக்குது."

கடைசிக் குஞ்சு எழுந்துபோய் அந்தச் சுவரைக் கடித்துப் பார்த்தது. யானைக்கே அசையாத சுவர், பால் பல்லுக்கு அசையுமா?

இப்போது அந்த ஊரில் எலிகள் இல்லை. களஞ்சியம் மட்டும் விரிசல் விடாமல் நிற்கிறது.

நீதி: விளைந்ததை வைக்க இடம் வேண்டுமென்று, விளைகிற இடத்தை விற்றுவிடாதே.