ரூபனின் முதுகு

நான்கு வயது ரூபன் உட்கார மாட்டேன் என்கிறான். தூக்கி உட்கார வைத்தால் வீரிட்டு அழுகிறான். ஸ்கேனில், முதுகெலும்பின் இரண்டு முள்ளெலும்புகள் அரித்துப்போயிருந்தன.

ஊசி போட்டு எலும்பிலிருந்து எடுத்த துளியை ஆய்வகத்தில் தட்டில் வைத்து வளர்த்தார்கள். ஐந்து நாளாகியும் கிருமி எதுவும் முளைக்கவில்லை.

“டிபி மருந்தையே ஆரம்பிச்சிடலாம் மேடம்,” என்றான் பரிதி. டாக்டர் பெனடிக்டாவிடம் எலும்பு வைத்தியம் பயில்கிறவன். “நம்ம ஊர்ல முதுகெலும்பு அரிச்சா பெரும்பாலும் அதுதானே.”

“இவனுக்கு அது இல்லைன்னா?”

பரிதி தலைகுனிந்தான். “அவங்கம்மா என் முகத்தையே பார்த்துக்கிட்டிருக்காங்க. தெரியாதுன்னு எப்படிப் போய்ச் சொல்றது?”

டாக்டர் எழுந்து வார்டுக்குப் போனார்; பரிதியும் பின்னால் போனான். ரூபனின் கட்டிலருகே, அவன் அம்மா யூனிஸுக்கு எதிரே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“யூனிஸ், என்ன கிருமின்னு எனக்கு இன்னும் தெரியலைம்மா.”

போச்சு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வேறு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிடுவாள் என்று பரிதிக்குத் திக்கென்றது.

யூனிஸ் பிள்ளையின் தலையை வருடிக்கொண்டே இருந்தாள். பிறகு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

“டாக்டரம்மா, நான் ஒண்ணை மறைச்சுட்டேன். ஆட்டுப்பாலைக் கறந்த சூட்டோட கொடுத்தா உடம்பு தேறும்னு சொன்னாங்க. காய்ச்சாமலே கொடுத்தேன். ரெண்டு மாசம். படிச்ச பொண்ணு இப்படிப் பண்ணுவாளான்னு கேப்பீங்களேன்னு...”

“யாரும்மா கேக்கப் போறா? பிள்ளை தேறணும்னுதானே கொடுத்தே. எவ்வளவு குடிப்பான்?”

“ரெண்டு டம்ளர்,” என்றான் ரூபன், படுத்தபடியே.

டாக்டர் சிரித்துவிட்டார். அங்கிருந்தே ஆய்வகத்துக்குப் போன் போட்டார். “அந்தத் தட்டைத் தூக்கிப் போட்டுடாதீங்க. மூணு வாரம் வையுங்க. ஆடு மாட்டுலேருந்து வர்ற கிருமியா இருக்கலாம், மெதுவாத்தான் வளரும். ஜாக்கிரதையாத் தொடுங்க, உங்களுக்கும் தொத்திக்கும்.”

பன்னிரண்டாம் நாள் அது முளைத்தது. அதற்கான மருந்தைத் தொடங்கினார்கள். மாதக்கணக்கில் கொடுக்க வேண்டிய மருந்து. மருந்து தொடங்கிய மூன்றாம் வாரம் ரூபன் தானாக எழுந்து உட்கார்ந்து, பரிதியின் மூக்குக் கண்ணாடியைப் பிடுங்கினான். “டேய், டேய்!” என்று யூனிஸ் அதட்டினாள். அதட்டும்போதே கண் கலங்கியது.

வெளியே வந்ததும் பரிதி கேட்டான்: “நான் மூணு தடவை துருவித் துருவிக் கேட்டும் அவங்க சொல்லலை. தெரியாதுன்னு சொன்னா வாய் திறப்பாங்கன்னு எப்படி மேடம் கணிச்சீங்க?”

டாக்டர் நின்று அவனைப் பார்த்தார்.

“கணிக்கலைப்பா. என்ன கிருமின்னு எனக்கு அன்னிக்கு நிஜமாவே தெரியலை.”