மஸ்கட்டில் ஓடாத படம்

சென்னையில் படத்தொகுப்பாளராக இருந்த அமலதாஸுக்கு ஒரே தங்கை பிலோமினா. மஸ்கட்டில் நர்ஸ். அவள் கணவன் ஸ்டீபன் சண்டைக் கலைஞன். அமலதாஸ் தொகுத்த ஒரு படத்தில் முதன்முதலாக வசனம் பேசி நடித்தான். அது வெளிவருமுன் விபத்தில் இறந்துபோனான்.

படம் நேரே ஓடிடி செயலி ஒன்றில் வெளியானது. பிலோமினா சந்தா கட்டித் திறந்தாள். ‘உங்கள் நாட்டில் பார்க்க இயலாது’ என்றது திரை. செயலிக்காரர்களுக்கு எழுதிப் பார்த்தாள், பதில் இல்லை. அண்ணனை அழைத்தாள்.

“அண்ணே, பாப்பாவுக்கு அவ அப்பா குரலே மறந்துபோச்சு. உங்கிட்டதான படம் இருக்கு?”

யாருக்கும் தருவதில்லை என்று தயாரிப்பாளர் மாணிக்கவாசகத்துக்கு அமலதாஸ் வாக்குக் கொடுத்திருந்தான். ஆனாலும் அனுப்பினான். “வெளிய போயிராம பாத்துக்க, பிலோ.”

படம் பார்த்து அழுதவளிடம் அறைத்தோழி சொன்னாள்: “நானும் சந்தா கட்டிட்டுப் பாக்க முடியாமத்தான் இருக்கேன். எனக்கும் அனுப்புடி.” மறுக்க முடியாமல் பிலோமினா அனுப்பினாள்.

தோழியிடமிருந்து கைமாறிச் சில நாளில் படம் டெலிகிராம் எங்கும் பரவியது. அது தொகுப்பறையிலிருந்து கசிந்த பிரதி என்று போலீஸ் கண்டுபிடித்தது. முதலில் சிக்கியவள் அமலதாஸின் உதவியாளர் ஹசீனா.

“நான் குடுக்கலை சார், சத்தியமா!” ஸ்டேஷனில் அவள் கதறியதை அடுத்த அறையிலிருந்து அமலதாஸ் கேட்டான். உண்மையைச் சொன்னால் தங்கை என்னாவாள்? ஊருக்கு வரும்போது விமான நிலையத்தில் அவளைப் பிடித்தால் குழந்தை யாரிடம் நிற்கும்? லிஃப்ட் கதவு திறக்கும் சத்தத்துக்கெல்லாம் அவன் எழுந்துபோய் வாசலைப் பார்த்தான்.

ஹசீனாவை மறுபடி ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டபோது அவனே போய்ச் சரணடைந்தான். தங்கை பெயரை மட்டும் போலீஸிடம் சொல்லவில்லை; மாணிக்கவாசகத்திடம் தனியே சொன்னான்.

மாணிக்கவாசகம் உடைந்துபோனார். “ஒரு வார்த்த கேட்டிருந்தா நானே அந்தப் பொண்ணுக்குப் போட்டுக் காட்டியிருப்பேனேய்யா!”

ஹசீனா வீடு திரும்பினாள். அமலதாஸ்மேல் வழக்கு நடக்கிறது. மஸ்கட்டில் அழைப்புமணி அடித்தால் பிலோமினா குழந்தையை இறுக்கிக்கொள்கிறாள்.

வாக்கை மீறிய அண்ணன், மறுக்கத் தெரியாத தங்கை, சந்தா கட்டியவளுக்குக் கதவைச் சாத்தியவர்கள். இவர்களில் இந்தத் திருட்டைச் சாகாமல் காப்பவர் யார்?

விடை: குற்றம் செய்தவர்கள் அண்ணனும் தங்கையும்தான், ஹசீனா பட்ட பாட்டுக்கு அவர்களே பொறுப்பு. ஆனால் அவர்களைச் சிறையில் போட்டாலும் திருட்டு நிற்காது. ஓர் அறையில் இருந்த இரண்டு பெண்களும் சந்தா கட்டியவர்கள். ஓசியில் பார்க்க ஆசைப்பட்டவர்கள் அல்லர். சந்தாவை வாங்கிக்கொண்ட செயலிக்காரர்களோ மஸ்கட்டில் அந்தப் படத்தை விற்க முன்வரவில்லை; திருட்டைச் சாகாமல் காப்பவர்கள் அவர்களே. விற்பவன் இல்லாத ஊரில் திருடன்தான் கடைக்காரன்.