தாலி காருக்குள்ளே, கல்யாணம் வெளியே

பனையடிவிளை சுயம்புலிங்கத்துக்கு ஒரு நல்ல குணம் உண்டு. யார் எதைச் சொன்னாலும், சொன்னதைச் சொன்னபடியே செய்வார். அவருடைய தம்பி தங்கப்பழமும் மச்சினன் பலவேசமும் அதே ரகம். மூன்று பேரும் சேர்ந்துதான் சுயம்புலிங்கத்தின் மகன் கல்யாணத்தை எடுத்து நடத்தினார்கள்.

கார் அவருடையது, பழசு. மெக்கானிக் அந்தோணி முதல் நாளே எச்சரித்திருந்தான்: "பேட்டரி இறங்குது அண்ணாச்சி. எங்க நிப்பாட்டினாலும் ஒயரைக் கழட்டிருங்க. வண்டியையும் பூட்டாம விட்டுராதீங்க."

கல்யாண மண்டபத்து வாசலில் காரை நிறுத்தியதும் ஒயரைக் கழற்றினார்கள். நாலு கதவின் பூட்டுக் குமிழையும் கீழே அழுத்திவிட்டுச் சாத்தினார்கள். மண்டபத்தில் ஆள் நடமாட்டம் அதிகம் என்று தாலித் தட்டைக் காருக்குள்ளேயே விட்டார்கள். தட்டிலுள்ள பூ வாடிவிடக் கூடாதென்று கண்ணாடியை நாலு விரல் இறக்கியும் வைத்தார்கள்.

முகூர்த்தம் ஒன்பதிலிருந்து பத்தரை. பத்து மணிக்கு ஐயர் தாலியைக் கேட்டார்.

சுயம்புலிங்கம் ரிமோட்டை அமுக்கினார். கார் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. முன்னால் நின்று அமுக்கினார், பின்னால் நின்று அமுக்கினார்.

"சத்தமாச் சொல்லிக்கிட்டே அமுக்குங்க அத்தான்," என்றான் பலவேசம்.

"திற!" என்று சொல்லிக்கொண்டே அமுக்கினார். சமையல்காரர்கள்தான் எட்டிப் பார்த்தார்கள்.

"ரிமோட்டோட சாவியும் தொங்குதே அண்ணாச்சி," என்றான் தங்கப்பழம்.

"எலே, அது இன்ஜின் சாவி. இன்ஜினுக்குப் போடுறதைக் கதவுக்குப் போடுறது என்ன முறை?"

மூவரும் கொஞ்ச நேரம் முறையைப் பற்றி யோசித்தார்கள். உள்ளேயிருந்து சம்பந்தியின் குரல் உயர்ந்தது. சுயம்புலிங்கம் அந்தோணிக்குப் போன் போட்டார்.

"ஒயரைக் கழட்டிட்டா ரிமோட் வேலை செய்யாது அண்ணாச்சி. கதவுல ஓட்டை இருக்குல்லா, அதுல சாவியைப் போடுங்க."

கதவில் கண்ணுக்குத் தெரிந்த பெரிய ஓட்டை கண்ணாடி இடுக்குதான். பலவேசம் சாவியை அதில் போட்டான். ரிமோட்டும் சாவியுமாக உள்ளே சீட்டில் விழுந்தது.

"போட்டாச்சு. இனி?" என்றார் சுயம்புலிங்கம் போனில். அந்தோணி விஷயத்தை விசாரித்துத் தெரிந்துகொண்டான். பிறகு, "வேற சாவி இல்லையா?" என்றான்.

தங்கப்பழம் ஓடிப்போய் ஸ்டோர் ரூம் சாவி, பீரோ சாவி, சைக்கிள் சாவி எல்லாம் கொண்டுவந்தான். எல்லாமே வேறு சாவிதான். ஒன்றும் சேரவில்லை.

அதற்குள் பலவேசம் இடுக்கில் கையை விட்டுப் பார்த்துவிட்டு வருத்தத்தோடு எடுத்தான். "கை போகுது அத்தான். ஆனா ஆள் போக மாட்டேங்குது."

"தலையாவது போகுதா பாரு," என்றார் சுயம்புலிங்கம். போகவில்லை.

மணி பத்து இருபது. "கல்யாணத்தை இங்கேயே வச்சிருவோம் அண்ணாச்சி," என்றான் தங்கப்பழம். "தாலி உள்ளே இருக்கட்டும். பொண்ணை இந்தக் கதவுகிட்ட உட்கார வச்சா, கழுத்துல ஏறின கணக்குதானே?"

சுயம்புலிங்கம் கண் கலங்க, பெண்ணை அழைத்து வரச் சொன்னார். கல்யாணப்பெண் செல்வக்கனி மாலையும் கழுத்துமாக வந்து நின்றாள். மூவரும் நடந்ததை நிதானமாக விளக்கினார்கள். அவள் இடுக்கில் கையை விட்டாள். வளையல் குலுங்கக் குமிழை மேலே இழுத்தாள். கதவைத் திறந்து தட்டை எடுத்து மாமனார் கையில் கொடுத்தாள்.

"வாங்க மாமா, நேரமாச்சு."

பத்து இருபத்தெட்டுக்குத் தாலி ஏறியது.

மத்தியானம் மாப்பிள்ளை வீட்டுக்குப் புறப்பட வேண்டும். ஒயரை மாட்டினார்கள். கார் ஒரு தடவை இருமிவிட்டு அடங்கியது. அந்தோணி போனில், "தள்ளி ஸ்டார்ட் பண்ணுங்க," என்றான்.

"யாரும் கீழே இறங்கப்படாது," என்று உத்தரவு போட்டார் சுயம்புலிங்கம். "காலையில வெளியே நின்னு பட்டது போதும். உள்ளேயிருந்தே தள்ளுங்க!"

அவர் ஸ்டியரிங்கைத் தள்ளினார். பின்சீட்டிலிருந்து மற்ற இருவரும் முன்சீட்டைத் தள்ளினார்கள். பெண்ணும் மாப்பிள்ளையும் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார்கள். பக்கத்தில் டவுன் பஸ் ஒன்று வந்து நின்றது. இருவரும் அதில் ஏறிக்கொண்டார்கள்.

பஸ் மெல்ல முன்னால் நகர்ந்தது. ஜன்னல் வழியாக அதைப் பார்த்த பலவேசம் அலறினான்: "அத்தான்! நாம பின்னாடி போறோம்! பிரேக்கு, பிரேக்கு!"

சுயம்புலிங்கம் இரண்டு காலாலும் பிரேக்கை மிதித்துக்கொண்டு கண்ணை இறுக மூடினார். திறந்தபோது பஸ் போய்விட்டிருந்தது. கார் அசையாமல் நின்றது.

"நிப்பாட்டிட்டேன்," என்றார் நெற்றி வியர்வையைத் துடைத்தபடி. "இறங்கிராதீங்கடா. வந்த வேகத்துக்கு ஒரு ஊரு தூரம் பின்னாடி வந்திருப்போம். எந்த ஊருன்னு முதல்ல விசாரிங்க."