சாரை கேட்ட சொந்தம்

ஓடைக்கரைச் சேற்றுப் பொந்துக்குள் ஒரு காலிலி தன் முட்டைகளைச் சுற்றிச் சுருண்டு கிடந்தது.

காலிலியை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். பார்த்திருந்தாலும் பெரிய மண்புழு என்று நினைத்துத் தாண்டிப் போயிருப்பீர்கள். உடம்பெல்லாம் வளையம். கால் கிடையாது. கண்ணோ தோலுக்கு அடியில். கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவே ஒரு குட்டி உணர்கொம்பு. அதை நீட்டி நீட்டித்தான் அது உலகத்தைத் தெரிந்துகொள்ளும்.

அதே கரையில் ஒரு தவளையும் இருந்தது. தன் தொடையழகைத் தண்ணீரில் பார்த்துத் தானே சொக்கிப்போகும் ரகம். தினமும் பொந்து வாசலுக்கு வந்து வம்பு பேசும்.

“என்ன புழு அக்கா, இன்னைக்காவது கால் முளைச்சுதா?”

“நானும் உன் இனம்தாண்டா தம்பி!”

“தாவத் தெரியாத தவளையா? போ, போ! பாம்புகிட்டப் போய் சொந்தம் கேளு!”

ஒருநாள் வெயில் ஏறும் நேரம். அதே தவளை, வாசலில் நிற்கக்கூட நேரமில்லாமல் பொந்துக்குள் தலைகுப்புற வந்து விழுந்தது.

“அக்கா! சாரை!”

பின்னாலேயே வாசல் இருண்டது. பிளந்த நாக்கு ஒன்று உள்ளே வந்து துழாவியது.

“உள்ளே யாரு? அட, நம்ம ஆளா!” என்றது சாரைப்பாம்பு. “உனக்கும் கால் இல்லை, எனக்கும் கால் இல்லை. நாம சொந்தம்! அந்தத் தவளையை வெளியே தள்ளிவிடு. இல்லாட்டி உன் முட்டையெல்லாம் எனக்குப் பலகாரம்!”

தவளைக்கு எப்போதுமே குளிர்ந்த ரத்தம்தான். அன்றைக்கு அது உறைந்தே போனது.

“அக்கா, பின்சுவருக்கு அந்தப் பக்கம் ஓடைதானே? உடைச்சிட்டு ஓடிடலாம்!” என்று கிசுகிசுத்தது.

“இப்ப தண்ணி வந்தா முட்டை மூச்சு முட்டிச் செத்துடும். உள்ளே இருக்கிற பிள்ளைங்க உதைச்சாத்தான் பொரியற நேரம். அதுவரைக்கும் வாயை மூடிக்கிட்டு இரு!”

காலிலி வாசல் பக்கம் தலையைத் திருப்பியது.

“சொந்தம்னு சொன்னீங்களே மாமா, எந்த வழியில? தாய் வழியா, தகப்பன் வழியா?”

இப்படி ஒரு கேள்வி கேட்டால் யார்தான் பதில் சொல்லாமல் போவார்கள்! சாரை வாசலிலேயே வசதியாகச் சுருண்டுகொண்டது.

“எங்க பூட்டனுக்குப் பூட்டன் நாலு காலோட நடந்தவராக்கும்!”

“எங்க வம்சத்துலயும் கால் இருந்துச்சு மாமா. மண்ணைத் தோண்டத் தலையே போதும்னு விட்டுட்டோம்.”

“பாத்தியா! சொந்தமேதான்!”

முட்டைகள் அசையவில்லை.

“உங்க முட்டைக்கு ஓடு உண்டா மாமா?”

“தோல் மாதிரி கெட்டியா இருக்கும்!”

“எங்களுது வெறும் வழவழப்பு. உங்க பிள்ளைங்களுக்குச் செவுள் உண்டா?”

“செவுளா? அது மீனுக்கும் தலைப்பிரட்டைக்கும்தானே!”

மூலையில் ஒடுங்கியிருந்த தவளை திடுக்கிட்டது. தலைப்பிரட்டை அதன் சொந்தப் பிள்ளை அல்லவா!

சாரைக்கும் சந்தேகம் தட்டியது. “பேச்சு போதும்! மாமன் உள்ளே வரேன்!”

தலை நுழைந்தது. கழுத்தும் நுழைந்தது. தவளைக்கும் அந்த வாய்க்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லை. காலிலி அதை வாலால் ஒரு தள்ளு வெளியே தள்ளினால் போதும், முட்டைகள் தப்பிவிடும். அது தவளைக்கும் தெரிந்தது.

“அக்கா… நான் பேசினதெல்லாம்…”

“அதை அப்புறம் பேசலாம்!”

அப்போது ஒரு முட்டை துடித்தது. பக்கத்து முட்டையும் துடித்தது. மாலையாகக் கோத்துக் கிடந்த முட்டைகள் எல்லாமே துடித்தன!

“இப்ப உதைடா! பீத்திக்கிட்டியே, அந்தக் காலால உதை!”

காலிலி கடப்பாரை போலத் தலையால் சுவரை இடித்தது. தவளை பின்னங்கால் இரண்டாலும் விட்டது ஓர் உதை! சுவர் இடிந்து ஓடை உள்ளே பாய்ந்தது.

காலிலியும் தவளையும் தோலாலேயே மூச்சு வாங்கிக்கொண்டு தண்ணீருக்குள் கிடந்தன. சாரைக்கு ஏது அந்த வித்தை? மூக்கெல்லாம் சேறு, வாயெல்லாம் சேறு. திணறித் திமிறித் தலையை உருவிக்கொண்டு கரையேறி, ஒரு தும்மல் போட்டது பாருங்கள், அங்கே நின்ற பாக்குமரத்திலிருந்து ஒரு குலையே விழுந்தது! பாம்பு தும்முமா என்று சந்தேகப்படுகிறவர்கள் அந்த மரத்தையே கேட்டுக்கொள்ளட்டும்.

தண்ணீரில் முட்டைகள் வெடித்தன. கழுத்தோரம் செவுளும் வாலில் துடுப்புமாகக் குஞ்சுகள் நெளிந்து நீந்தின. தவளை கண் பிதுங்கப் பார்த்தது.

“அக்கா! எங்க வீட்டுப் பிள்ளைங்க மாதிரியே இருக்கே!”

“தினமும் அதைத்தானேடா சொன்னேன்!”

கரையிலிருந்து சாரை கத்தியது: “சொந்தக்காரனையே ஏமாத்திட்டியே!”

காலிலி வாய் திறப்பதற்குள் தவளை முந்திக்கொண்டது.

“எந்த வழியில சொந்தம், மாமா?”

வெளித்தோற்றத்தை வைத்து உறவை அளக்கிறவனுக்கு, உண்மையான சொந்தம் எது என்பது உயிர் ஊசலாடும்போதுதான் புரியும்.